மின்சாரம் இங்கே, சாம்பலும் இங்கே: வட சென்னை அரசு மருத்துவமனைகளில் ஆற்றல் சிக்கனம் யாருக்கானது?

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கடலோரப் பட்டையில் இருவகைப் பொது நிறுவனங்கள் அருகருகே நிற்கின்றன. நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் அனல் மின் நிலையங்கள் ஒருபுறம். அந்தப் புகைக்கும் சாம்பலுக்கும் நடுவே வாழும் மக்கள் நோயுற்றால் சென்று சேரும் அரசு மருத்துவமனைகள் மறுபுறம். இவ்விரண்டையும் ஒரே மின்கம்பி இணைக்கிறது. ஆயினும் ‘மருத்துவமனைகளில் ஆற்றல் திறன்’ என்ற தலைப்பைப் பொறியாளர்களின் கருத்தரங்குக்கு உரியதெனக் கருதி, சமூகநீதி குறித்துப் பேசுவோர் கடந்துவிடுகின்றனர். ஓர் அரசு மருத்துவமனை மின்சாரத்தை எவ்வாறு செலவிடுகிறது என்பது, யாருடைய ஆற்றில் சாம்பல் கொட்டப்படுகிறது, யாருடைய படுக்கைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது, மின்தடையின்போது யாருடைய உயிர் ஊசலாடுகிறது என்ற கேள்விகளோடு பிணைந்தது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாம்பல் படிந்த மண்

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அதன் திறன் 450 மெகாவாட். அது மூடப்படுவதற்கு முன்பே, அத்திப்பட்டு பகுதியில் 630 மெகாவாட் திறனுள்ள வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டமும், 1,200 மெகாவாட் திறனுள்ள இரண்டாம் கட்டமும் வந்துவிட்டன. 800 மெகாவாட் திறனுள்ள மூன்றாம் கட்டம் 2024இல் தொடங்கி வைக்கப்பட்டது. வல்லூரில் தேசிய அனல் மின் கழகமும் தமிழக மின்வாரியமும் கூட்டாக நடத்தும் நிலையத்தின் திறன் 1,500 மெகாவாட். இவற்றுக்கான நிலக்கரியைக் கப்பலில் இறக்குவதற்காகவே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம்.

எரிந்த நிலக்கரியின் எச்சம் சாம்பல். அது நீரில் கரைக்கப்பட்டுக் குழாய்கள் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்பப்படுகிறது. அக்குழாய்கள் உடைந்து, கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் பல்லாண்டுகளாகச் சாம்பல் படிந்தது. கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும், காட்டுக்குப்பம் உள்ளிட்ட ஊர்களின் மீனவர்களும், சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்து மக்களும் இதன் விலையைக் கொடுத்துவருகின்றனர். மக்கள் தொடுத்த வழக்கில், எண்ணூர்க் கழிமுகத்தைச் சீரமைக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் ஆணையிட்டது.

இந்தப் பின்னணியில் ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஒரு யூனிட் மின்சாரம் ஆக்க ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி தேவை. இந்திய நிலக்கரியில் மூன்றிலொரு பங்கு அளவுக்குச் சாம்பல் இருக்கும். ஆகவே, நிலக்கரியில் பிறக்கும் ஒவ்வொரு யூனிட்டும் 200 கிராமுக்கு மேல் சாம்பலைப் பின்னால் விட்டுச் செல்கிறது. மின்கட்டமைப்பு என்பது பொதுத் தொகுப்பு. ஒரு மருத்துவமனையில் சேமித்த யூனிட் எண்ணூரில்தான் குறையும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் நிலக்கரியைப் பெரிதும் நம்பிய ஒரு கட்டமைப்பில், வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் ஏதோ ஓர் ஒடுக்கப்பட்ட ஊரின் மண்ணில் சாம்பலாக இறங்குகிறது.

கஞ்சித்தொட்டியிலிருந்து ஸ்டான்லி வரை

இப்பகுதி மக்களின் முதன்மை மருத்துவமனை அரசு ஸ்டான்லி மருத்துவமனை. 1780களின் பஞ்சத்தில் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததால், முதியவர்கள் இன்றும் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்கின்றனர். 1938இல் மருத்துவக் கல்லூரிக்கு ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட இம்மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறை நாடறிந்தது. எந்திரத்தில் விரல் நசுங்கிய தொழிலாளிக்கு நுண்ணோக்கியின் கீழ் மணிக்கணக்கில் இரத்தக்குழாய்களை இணைக்கும் பணி அங்கு நடைபெறுகிறது. இராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும், தண்டையார்பேட்டையின் தொற்றுநோய் மருத்துவமனையும் இதே உழைக்கும் மக்களுக்கானவை.

இவர்களுக்கு மாற்று மருத்துவமனை கிடையாது. வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ வாழும் ஒரு தலித் குடும்பத்துக்குத் தனியார் தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒருநாள் கட்டணம் பல மாதக் கூலி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூரில் பரவியபோதும், அதே மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோதும், மூச்சுத் திணறியவர்கள் மருத்துவமனைகளை நோக்கி ஓடினர். அத்தகைய இரவுகளில் மருத்துவமனையின் மின்சாரம் நிலைத்திருப்பது உயிர்ப் பிரச்சினை.

மின்சாரம் எங்கே செலவாகிறது?

ஒரு பெரிய மருத்துவமனையில் மின்சாரத்தை மிகுதியாக விழுங்குவது குளிரூட்டலும் காற்றோட்ட எந்திரங்களுமே. விளக்கு, மின்விசிறி, நீரேற்றும் மோட்டார், மின்தூக்கி, சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகள், ஆட்டோகிளேவ், சலவைக்கூடம் ஆகியவை அடுத்து வருகின்றன. அரசு மருத்துவமனையில் குளிரூட்டல் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆய்வகம், நிர்வாக அறைகள் ஆகியவற்றோடு அது நின்றுவிடுகிறது. பொது வார்டில் இருப்பது மின்விசிறியும் சன்னலும்தான்.

அறுவை அரங்கை எடுத்துக்கொள்வோம். உயர் சிறப்பு அறுவை அரங்கில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும், அதில் 4 முறை வெளியிலிருந்து வரும் புதிய காற்றாக இருக்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கான தேசியத் தர ஏற்பு வாரியத்தின் நெறிமுறை கூறுகிறது. அறுவை நடக்கும்போது இதில் கைவைக்கக் கூடாது. ஆனால் அரங்கு ஆளின்றிக் கிடக்கும் இரவு முழுவதும் விசிறி எந்திரம் அதே வேகத்தில் சுழலத் தேவையில்லை. வெளிக்காற்று உள்ளே புகாத அளவுக்கு அழுத்தத்தைப் பேணியபடி வேகத்தைக் குறைக்கலாம். காற்று விசிறியின் மின்தேவை அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறும் என்பது இயற்பியல். வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் மின்தேவை ஏறத்தாழப் பாதியாகும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி ஒன்று பொருத்தினால் இது கைகூடும்.

வெந்நீருக்கும் இதே தர்க்கம் பொருந்தும். சாதாரண கீசர் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஒரு யூனிட் வெப்பமே தரும். சுற்றுக்காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி நீருக்கு மாற்றும் வெப்ப ஏற்றி, அதே மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் தரும். சென்னை வெயிலில் சூரிய வெந்நீர்க் கலன்களுக்கு மின்சாரமே பெரிதாகத் தேவைப்படாது.

மின்விசிறி என்னும் எளிய தொடக்கம்

பழைய மின்விசிறி 75 வாட் அளவில் மின்சாரம் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் கொண்ட புதிய விசிறி அதே காற்றை 30 வாட் அளவில் தரும். நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடும் ஒரு வார்டு விசிறியில் ஆண்டுக்கு 328 யூனிட் மிச்சமாகும். ஆயிரம் விசிறிகளை மாற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,28,000 யூனிட். முன்சொன்ன கணக்கின்படி, அது 230 டன் நிலக்கரி. 75 டன்னுக்கு மேற்பட்ட சாம்பல். சோக்குடன் 50 வாட் எடுக்கும் பழைய டியூப்லைட்டை 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றுவதும் இவ்வகையே.

இந்த மாற்றத்தில் நோயாளி எதையும் இழப்பதில்லை. அதே காற்றும் அதே வெளிச்சமும் கிடைக்கின்றன. திறனுக்கும் வெட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பிற்பகலில் பொது வார்டின் விசிறிகளில் பாதியை நிறுத்தினாலும் மின்கட்டணம் குறையும். அதற்குப் பெயர் ஆற்றல் திறன் ஆகாது. அது நோயாளியிடமிருந்து பறித்த காற்று. ஒரு நோயாளிக்குத் தரமான சிகிச்சை அளிக்க எத்தனை யூனிட் செலவானது என்பதே சரியான அளவுகோல். கட்டண ரசீதின் தொகை மட்டும் எதையும் சொல்லாது.

சன்னல்களை மூடிவிடாதீர்கள்

நவீனமாக்கல் என்ற பெயரில் நடக்கும் ஒரு தவற்றையும் கவனிக்க வேண்டும். உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய வார்டுகளைத் தாழ்கூரை போட்டு, கண்ணாடியால் அடைத்து, ஸ்பிளிட் ஏ.சி. பொருத்துவது முன்னேற்றமாகக் காட்டப்படுகிறது. ஸ்பிளிட் ஏ.சி. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். புதிய காற்றைக் கொண்டுவராது. காசநோயாளி ஒருவர் இருமினால், அக்கிருமி அங்கேயே சுற்றும்.

பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. சன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்தபோது, மணிக்கு 28 முறை என்னும் அளவில் காற்று மாறியது. 1950க்கு முந்தைய உயர்கூரைக் கட்டடங்களில் அது 40 முறை. 1970களுக்குப் பிந்தைய கட்டடங்களில் 17 முறை. எந்திரக் காற்றோட்டம் கொண்ட அறைகளுக்கான அளவு 12 முறை மட்டுமே. காசநோயாளியோடு ஒருநாள் முழுதும் இருப்பவருக்குத் தொற்றும் வாய்ப்பு எந்திர அறைகளில் 39 விழுக்காடு என்றும், பழைய உயர்கூரை வார்டுகளில் 11 விழுக்காடு என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. பொது வார்டுகளில் நோயாளி ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டர் புதிய காற்று வேண்டும் என்பது இயற்கைக் காற்றோட்டம் குறித்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

நெருக்கமான குடியிருப்புகளில் காசநோய் அகலாத வட சென்னைக்கு இது மிக முக்கியமான பாடம். பழைய கட்டடத்தின் சன்னல், மின்சாரம் கேட்காத மருத்துவக் கருவி. மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு, தாழ்வார நிழல், கொசுவலை அடித்த சன்னல், நல்ல விசிறி ஆகியவற்றை முதலில் செய்துவிட்டு, குளிரூட்டல் இன்றியமையாத இடத்தில் மட்டும் அதை முறையாக அமைப்பதே அறிவுடைய வரிசை. வெப்ப அலை கடுமையாகும் ஆண்டுகளில் பொது வார்டுகளுக்கும் குளிரூட்டல் தேவைப்படலாம். அப்போதும் புதிய காற்றுக்கு வழிசெய்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

மின்தடை இரவுகள்

2019 மே 7 அன்று மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மழையின்போது மின்சாரம் தடைபட்டது, ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகள் உயிரிழந்தனர். மின்தடையே காரணம் என்று உறவினர்கள் கூறினர். நிர்வாகம் அதை மறுத்தது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு வட சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

ஆற்றல் திறன் இங்கே பாதுகாப்பாக மாறுகிறது. ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலில் 3 முதல் 4 யூனிட் வரை தரும். மருத்துவமனையின் மின்சுமை 100 கிலோவாட் குறைந்தால், மணிக்கு ஏறத்தாழ 28 லிட்டர் டீசல் மிஞ்சும். வெள்ளத்தில் டீசல் லாரி வந்துசேர முடியாத இரவில் அது பல மணி நேர உயிர்மூச்சு.

கூரைச் சூரியத் தகடுகள் பற்றி ஒரு தெளிவு தேவை. சென்னையில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும்; ஏறத்தாழ 100 சதுர அடி இடம் கேட்கும். ஆனால் மின்கட்டமைப்போடு மட்டும் இணைந்த அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். பராமரிப்புப் பணியாளர்களின் பாதுகாப்புக்காக அது அவ்வாறே வடிவமைக்கப்பட்டுள்ளது. மின்தடையிலும் வேலை செய்ய வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். எண்ணூர்ப் பகுதியில் நிலக்கரித் தூசும் சாம்பலும் தகடுகளில் படிந்து மின் உற்பத்தியைக் குறைக்கும். உப்புக்காற்று தாங்கிகளை அரிக்கும். கழுவிப் பராமரிக்க ஆளும் நிதியும் ஒதுக்காமல் தகடு மட்டும் பொருத்துவது திறப்பு விழாவுக்கே உதவும். சத்தீஸ்கரில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பேட்டரியுடன் கூடிய சூரிய மின்சாரம் பெற்றன. மின்பற்றாக்குறை நிலவிய, சூரிய வசதி இல்லாத நிலையங்களைவிட அங்கு ஏறத்தாழ இருமடங்கு மகப்பேறுகள் நடந்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஏன் நடப்பதில்லை?

தொழில்நுட்பம் கையில் இருந்தும் மாற்றம் மெதுவாக வருவதற்கு நிர்வாகக் காரணங்கள் உண்டு. அரசு மருத்துவமனைக் கட்டடத்தைக் கட்டுவதும் மின்பணிகளைப் பராமரிப்பதும் பொதுப்பணித்துறை. கருவிகளை வாங்குவது 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மின்கட்டணம் செலுத்துவது சுகாதாரத்துறை. மலிவான எந்திரத்தை வாங்குபவர், அது பதினைந்து ஆண்டுகள் விழுங்கப்போகும் மின்சாரத்துக்கு விடை சொல்வதில்லை. மின்சாரத்தைச் சேமித்த மருத்துவமனைக்கு அந்தப் பணம் திரும்பி வருவதுமில்லை. ஒப்பந்தப்புள்ளியில் வாங்கும் விலையோடு ஆயுள்காலச் செலவையும் சேர்த்து மதிப்பிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

செலவின்றிச் செய்யக்கூடியவையும் உள்ளன. உயர் மின்னழுத்த இணைப்பில், பயன்படுத்தாவிட்டாலும் ஒப்பந்த மின்தேவையின் 90 விழுக்காட்டுக்குக் கட்டணம் உண்டு. மின்திறன் காரணி 0.90க்குக் கீழே போனால் கூடுதல் தண்டம் உண்டு. இவ்விரண்டையும் சரிபார்ப்பதற்குத் தேவை ஒரு பொறியாளரின் ஒருவாரக் கவனம். எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டு 2022இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் மின்சுமை கொண்ட புதிய கட்டடங்களுக்கு விதித்தொகுப்பும் இருக்கிறது. ஆகவே, புதிய மருத்துவமனைக் கோபுரங்கள் எழும்போதே கேள்வி கேட்க வேண்டும். கட்டி முடித்த சுவரைத் திருத்துவது கடினம்.

சேமிப்பில் சாதி

மருத்துவமனையின் வெப்பமும் சாதிப் படிநிலையைப் பின்பற்றுகிறது. சலவைக்கூடத்தின் நீராவியிலும், கொதிகலன் அறையிலும், காற்றோட்டமில்லாத கழிவு சேமிப்பிடத்திலும் பணிபுரிவோர் யார்? பிணவறையில் உடலைத் தூக்குவோர் யார்? தலைமுறை தலைமுறையாக எச்சமூகங்களின் மீது இவ்வேலைகள் சுமத்தப்பட்டனவோ, அவர்களே இன்று ஒப்பந்தத் தொழிலாளர்களாக அங்கு நிற்கின்றனர். பிணவறைக் குளிர்பெட்டியின் கதவு இரப்பர் கிழிந்தால் மின்சாரம் வீணாகும், உடல் அழுகும், துர்நாற்றத்தைச் சுமப்பவர் அந்தத் தொழிலாளி. சில நூறு ரூபாய் இரப்பரில் சிக்கனமும் மாண்பும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

எனவே மின்தணிக்கை என்பது அலுவலக அறையின் ஏ.சி.யை 24 பாகையில் வைக்கச் சொல்வதோடு முடியக் கூடாது. சலவைக்கூடம், பிணவறை, தூய்மைப் பணியாளரின் ஓய்வறை, நோயாளியின் உறவினர் படுத்துறங்கும் தாழ்வாரம் ஆகிய இடங்களின் வெப்பநிலையும் அதில் பதிவாக வேண்டும். மிச்சமாகும் பணம் முதலில் அங்கே திரும்ப வேண்டும்.

அம்பேத்கரின் மின்சாரக் கனவு

இது நமக்குப் புதிய அக்கறையன்று. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. 1943 அக்டோபரில் மின்வழங்கல் குறித்த கொள்கைக் குழுவில் அவர் தலைமையுரை ஆற்றினார். மலிவான, போதிய மின்சாரம் இன்றித் தொழில்மயமாக்கல் இல்லை. அது இன்றி மக்கள் வறுமைச் சுழலிலிருந்து மீளவும் இயலாது என்பது அவர் வாதம். அவர் பொறுப்பில் இருந்த காலத்திலேயே 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின்சார வாரியம் உருவானது. மின்சாரத்தை அவர் யாருக்கான வாழ்வு என்ற கேள்வியோடு சேர்த்தே பார்த்தார். உற்பத்தியின் சுமை ஒரு சாராருக்கும் பயன் இன்னொரு சாராருக்கும் சென்றால் அக்கனவு நிறைவேறவில்லை என்றே பொருள்.

அரசு மருத்துவமனை உரிய சிகிச்சை தர மறுப்பது வாழ்வுரிமை மீறல், நிதிப் பற்றாக்குறையைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்று மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலையான மின்சாரமின்றி இன்று உரிய சிகிச்சை இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மாணவர் குழு கீழ்க்காணும் விவரங்களைக் கோரலாம்:

1. மருத்துவமனையின் ஒப்பந்த மின்தேவை, கடந்த 36 மாத மின்கட்டண ரசீதுகள், மின்திறன் காரணிக்காகக் கட்டிய தண்டம்.
2. கடைசியாக மின்தணிக்கை நடந்த நாள், அதன் அறிக்கை, அதன்மேல் எடுத்த நடவடிக்கை.
3. ஜெனரேட்டர்களின் எண்ணிக்கை, திறன், டீசல் இருப்பு, முழுச் சுமையில் சோதித்த நாள்களின் பதிவேடு.
4. கூரைச் சூரியத் தகடுகள் இருப்பின், மாதவாரி உற்பத்தி, பேட்டரி உண்டா என்ற விவரம், பராமரிப்பு ஒப்பந்தம்.
5. பிணவறைக் குளிர்பெட்டிகள் பழுதான நாள்கள், பழுது நீக்க ஆன காலம்.
6. தூய்மை, சலவை, மின்பராமரிப்புப் பணியாளரில் நிரந்தரமானோர் எத்தனை பேர், ஒப்பந்தத்தினர் எத்தனை பேர்.

36 மாத யூனிட் கணக்கை அதே காலத்தின் உள்நோயாளி நாள்களால் வகுத்தால், நோயாளி ஒருவருக்கு ஒருநாள் ஆகும் மின்செலவு கிடைக்கும். அந்த ஓர் எண்ணை ஆண்டுதோறும் வெளியிடுமாறு ஒவ்வொரு அரசு மருத்துவமனையையும் கேட்கலாம். மின்சாரத்தை ஆக்கித் தரும் மண்ணின் மக்களுக்கு, அது தங்கள் மருத்துவமனையில் எவ்வாறு செலவாகிறது என்று அறியும் உரிமை முழுமையாக உண்டு.